ஆயுத பூஜைக்கு மட்டும் வெளியே வந்த இயந்திரம்

காதலியின் அப்பா, "தம்பி, இந்த வேலையெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்கும்போது, "தெரியாது அங்கிள்" என்று உள்ளதைச் சொன்ன ஆண்மகன் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் இதுவரை பிறந்ததாகத் தகவல் இல்லை. குழாய் மாற்றத் தெரியுமா? தெரியும். கூரை ஒழுகினால் ஏறிப் பார்க்கத் தெரியுமா? தெரியும். விமானம் ஓட்டத் தெரியுமா என்று கேட்டிருந்தால்கூட, "பெரிய விமானமா, சின்னதா?" என்று நான் திருப்பிக் கேட்டிருப்பேன். அந்த அளவுக்குக் காதல் முற்றியிருந்த காலத்தில் நடந்தது இது.

அப்போது எனக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. வீடு ஸ்கூடாயில், வேலை சிங்கப்பூரில். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலத்தைக் கடந்துபோய், ஒரு சரக்குக் கம்பெனியின் அலுவலகத்தில் பகல் முழுக்கக் கணினியைத் தட்டிவிட்டுத் திரும்புவேன். வாழ்க்கையில் நான் பிடித்துப் பழகிய ஆகக் கனமான கருவி, காகிதம் குத்தும் ஸ்டேப்ளர்தான். (அதிலும் ஒரு முறை விரலைக் குத்திக்கொண்டு அரை நாள் விடுப்பு எடுத்திருக்கிறேன்.)

தாரணி அதே அலுவலகத்தில் வேலை பார்த்தாள். அவள் வீடு உலு திராமில். இரண்டு குடும்பமும் பார்த்துப் பேசி, ஜாதகமும் பொருந்தி, எல்லோரும் சரி என்று தலையாட்டியாகிவிட்டது. ஆனால் தேதி மட்டும் நிச்சயமாகவில்லை. காரணம், வீடு.

"வீட்டு வேலை முடியட்டும் தம்பி. நாலு பேர் வந்து போற எடம். முடிஞ்ச கையோட பரிசம் போட்டுக்கலாம்" என்றார் தாரணியின் அப்பா. நியாயமான பேச்சுதான். ஆனால் அந்த வீட்டு வேலை, நான் தாரணியைச் சந்திப்பதற்கு முன்பே தொடங்கியிருந்தது. சமையலறையை இழுத்துக் கட்டினார். அது முடிந்ததும் குளியலறைக்குப் புது ஓடு பதித்தார். ஓடு முடிந்ததும் வெளிக்கேட். கேட் முடிந்தபோது சமையலறைச் சாயம் பழசாகிவிட்டது. ஒவ்வொரு தீபாவளிக்கும், "அடுத்த தீபாவளிக்குள்ள முடிஞ்சிடும் லா" என்பார். என் அம்மா பொறுமை இழந்து, "அவங்க கட்டறது வீடா, இல்ல சுல்தானுக்கு அரண்மனையா?" என்று கேட்க ஆரம்பித்திருந்தார். என் அக்கா வேறு வரன் பற்றி மெல்லப் பேச்செடுத்தாள். எனக்கு இரவில் தூக்கம் போய்விட்டது. இன்னொரு வருடம் இழுத்தால் இந்தக் கல்யாணம் நடக்காது என்று உண்மையாகவே பயந்தேன்.

அந்த வருடம் தீபாவளி நெருங்கும்போது பாக்கி இருந்தது வாசல் கதவு ஒன்றுதான். செங்கால் என்ற கெட்டியான உள்ளூர் மரத்தில் செய்த கதவு. மேல்பாதியில் லட்சுமி உருவம் செதுக்கியிருக்கும், கீழ்ப்பாதி வெறும் பலகை. மத்தியான வெயில் நேராக விழுந்து வார்னிஷ் கொப்புளம் கொப்புளமாகப் பொங்கியிருந்தது. வருகிறேன் என்ற ஆசாரி வரவில்லை. நான் கணக்குப் போட்டேன். இந்தக் கதவை முடித்துவிட்டால் அங்கிளிடம் சாக்குச் சொல்ல வேறு எதுவும் மிச்சமில்லை.

"கதவ நானே தேய்ச்சு வார்னிஷ் அடிச்சுடறேன் அங்கிள்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சேண்டிங் மெஷின் புடிச்சிருக்கீங்களா தம்பி?"

"நெறைய தடவ அங்கிள்." (ஒரு காணொளி பார்த்திருந்தேன். அதுவும் பாதி.)

"அப்ப சரி. ஞாயித்துக்கெழம வாங்க. மெஷின் நம்மகிட்டயே இருக்கு. புத்தம் புதுசு."

அந்தப் 'புத்தம் புதுசு' என்ற சொல்லை அவர் சொன்ன விதத்தை இங்கே விளக்கியாக வேண்டும். அங்கிள் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரைப் பார்த்துக்கொண்டிருந்தவர். பெட்டி பிரிக்காத சாமான்களுக்கு நடுவிலேயே வாழ்நாளில் பெரும்பகுதி போனது. அவர் வீட்டில் எந்தப் பொருளும் அட்டைப்பெட்டியை விட்டுச் சுலபத்தில் வெளியே வராது. அவர் கல்யாணத்துக்கு வந்த கண்ணாடிக் கோப்பைகள் விலைச் சீட்டோடு அலமாரியில் இருந்தன. சோபாவுக்குப் போட்ட பிளாஸ்டிக் உறையில் உட்கார்ந்து எழுந்தால் தொடை ஒட்டிக்கொண்டு வரும்.

மரம் தேய்க்கும் அந்த இயந்திரத்தை, வீடு வாங்கிய வருடம் சிங்கப்பூரில் மலிவு விற்பனையில் வாங்கியிருக்கிறார். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் தன் கையாலேயே இழைத்துவிட வேண்டும் என்று ஆசை. "நல்லதா ஒரு வேல வரட்டும்னு வச்சேன்" என்றார். வைத்தவர் வைத்தவர்தான். வருடத்துக்கு ஒரு நாள், ஆயுத பூஜைக்கு மட்டும் அது பெட்டியை விட்டு வெளியே வரும். கூடத்தில் துணி விரித்து, தாரணியின் அம்மாவான ஆன்ட்டியின் மிக்சி, தாரணியின் மடிக்கணினி, கார் சாவி, திருப்புளிகள் எல்லாம் வரிசையாக இருக்க, நடுநாயகமாக இந்த இயந்திரம். மஞ்சள் தண்ணீர் தெளித்து, சந்தனம் வைத்து, நாமம் சொல்லிச் சொல்லிக் குங்குமத்தால் அர்ச்சனை செய்வார். அது முடிந்ததும், துடைக்காமல் கொள்ளாமல் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டித் திரும்பப் பெட்டிக்குள். அந்த வட்டாரத்திலேயே இவ்வளவு பூஜை வாங்கிய இயந்திரமும் கிடையாது, இவ்வளவு சும்மா இருந்த இயந்திரமும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். (மரம் இழைக்கப் போகிறவன் எவனாவது வெள்ளைச் சட்டை போடுவானா? நான் போட்டேன். அந்தச் சட்டையில் நான் அழகாக இருப்பதாகத் தாரணி ஒரு முறை சொல்லியிருந்தாள்.) அங்கிள் பெட்டியைக் கொண்டுவந்து, குழந்தையைத் தூக்குவது போல இயந்திரத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். உள்ளங்கைக்கு அடங்குகிற உருண்டைத் தலை. பின்னால் ஒரு தூசிப்பை, அடியில் வட்டமாக ஒரு பஞ்சுத்தட்டு. அதில்தான் உப்புத்தாளை ஒட்ட வேண்டும். பள்ளிக்கூடக் காலணியில் 'டர்ர்' என்று பிரியுமே, அதே மாதிரி ஒட்டுகிற பட்டை. இயந்திரத்தின் தூசித் துளைகளில் எல்லாம் குங்குமம் அடைத்திருந்தது. போன ஆயுத பூஜைக் குங்குமம் இன்னும் பளிச்சென்று இருந்தது, அதற்கு அடியில் பழைய ஆண்டுகளின் குங்குமம் கறுத்துப்போய்க் கிடந்தது.

"கொஞ்சம் தொடச்சுக்கலாமா அங்கிள்?"

"வேணாம் தம்பி, பூஜ போட்டது. அப்படியே ஓட்டுங்க. நல்லா ஓடும்."

பஞ்சுத்தட்டை விரலால் அழுத்திப் பார்த்தேன். லேசாகப் பிசுபிசுத்தது. ஓரத்தில் கறுப்பாக ஒரு துணுக்கு விரலோடு வந்தது. புதுச் சாமான், முதல் தடவை, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். தெரியாததைத் தெரியும் என்று சொன்னவன் சந்தேகம் கேட்க முடியாது. அதுதான் அதில் உள்ள சங்கடம்.

தாரணி கார் நிற்கும் முன்கூரையின் கீழ் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். தனியாக இருக்கும்போது என்னை 'நீ, வா, போ' என்று பேசுகிறவள், அப்பா எதிரில் மிக மரியாதையாக, "பார்த்துச் செய்யுங்க" என்றாள். அங்கிள் கைகட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். நான் கதவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு விசையை அழுத்தினேன்.

முதலில் அற்புதமாகத்தான் ஓடியது. வார்னிஷ் மாவாக உதிர்ந்து, அடியில் செங்காலின் சிவந்த நிறம் தெரிந்தது. "ஓ, நல்லா இழைக்கறீங்களே" என்றார் அங்கிள். நான் அலட்சியமாகத் தாரணி பக்கம் திரும்பி ஒரு புன்னகை செய்தேன். அந்தப் புன்னகை முடிவதற்குள் சத்தம் மாறியது.

முதலில் உப்புத்தாள், ஒட்டுப்பட்டையையும் உரித்துக்கொண்டு பறந்து, வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டில் போய் விழுந்தது. அடுத்து பஞ்சு. அது கிழியவில்லை, உடையவில்லை. அப்படியே பொடிந்து, கறுப்புத் தூளாகவும் பிசினாகவும் நாலாபக்கமும் தெறித்தது. கதவில், சுவரில், லட்சுமியின் முகத்தில், என் வாயில். பஞ்சு போன பிறகு மிஞ்சியிருந்த தட்டும் திருகாணியும் கதவில் இறங்கி 'கர்ர்ர்' என்று பிறை வடிவில் ஒரு பள்ளம் பறித்தன. நான் பதறிப்போய் இயந்திரத்தைத் தூக்கினேன். அது குலுங்கிய குலுக்கலில், துளைகளிலும் தூசிப்பையிலும் சேர்ந்திருந்த அத்தனை ஆண்டு அர்ச்சனையும் ஒரே மூச்சில் வெளியே வந்தது. என் முகத்துக்கு நேராக.

கண்ணைத் திறந்தபோது உலகம் சிவப்பாக இருந்தது. இயந்திரத்தைக் கீழே போட்டுவிட்டிருந்தேன். அது தரையில் தாண்டவமாடிக்கொண்டிருந்தது. அங்கிள் சத்தமில்லாமல் போய்ச் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார். நான் என் கையைப் பார்த்தேன். வியர்வையில் குங்குமம் கரைந்து, விரல் நுனியிலிருந்து சிவப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது. வெள்ளைச் சட்டையின் மார்பு முழுக்கச் சிவப்பு.

சரியாக அந்த நேரத்தில் ஆன்ட்டி தேநீரும் கறிப்பாப் பலகாரமும் வைத்த தட்டோடு வாசலுக்கு வந்தார். "ஐயோ! ரத்தம்! தம்பிக்குக் கை போச்சே!" என்று தட்டைப் போட்டுவிட்டு அலறினார். விழுந்த உப்புத்தாளைக் கையில் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு மலாய் அக்கா, "அலமாக்! டாரா!" என்றார். ரத்தம் என்று இரண்டு மொழியிலும் சொல்லிவிட்ட பிறகு நான் மட்டும் எப்படி நம்பாமல் இருப்பது? கையில் வலிகூட இருப்பதாகத் தோன்றியது. தாரணி ஓடி வருவது தெரிந்தது. பிறகு எதுவும் தெரியவில்லை.

தெளிந்தபோது முகமெல்லாம் ஈரம். ஆன்ட்டி சொம்பும் கையுமாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். தாரணி என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மோந்து பார்த்து, "அம்மா, ரத்தம் இல்லம்மா. குங்குமம்" என்றாள். தாரணியின் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை.

குங்குமத்தைப் பார்த்து மயங்கி விழுந்த மாப்பிள்ளை! பூமி பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய பயம் அங்கிளைப் பார்த்ததும் வந்தது. அவர் வாசற்படியில் உட்கார்ந்து, இயந்திரத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தார். பின்னால் கதவில் அந்தப் பள்ளம் பல்லை இளித்தது. அவர் பொத்திப் பொத்தி வைத்திருந்த பொருளை முதல் தடவையிலேயே கொன்றுவிட்டேன். வீட்டு வேலையை முடிக்க வந்தவன் புதிதாக ஒரு வேலையை உண்டாக்கிவிட்டேன். எல்லாம் முடிந்தது, இனி அக்கா சொல்லும் வரன்தான் என்று நினைத்தேன்.

"அங்கிள், மன்னிச்சுடுங்க. நான் ரொம்ப அழுத்திட்டேன் போல. புதுசு வாங்கித் தந்துடறேன். கதவையும் மாத்தித் தந்துடறேன்" என்று உளறினேன். வீட்டையே இடித்துக் கட்டித் தருகிறேன் என்று சொல்வதற்குள் அவர் கையைத் தூக்கித் தடுத்தார்.

"நீங்க ஒண்ணும் செய்யல தம்பி." மிச்சமிருந்த பஞ்சை அவர் இரண்டு விரலால் நசுக்கினார். அது கறுப்பு மாவாகி விரலில் ஒட்டிக்கொண்டது. "இது உள்ளுக்குள்ள எப்பவோ செத்துப்போச்சு. ரப்பர், ஸ்பாஞ்சு சாமானெல்லாம் சும்மா வச்சிருந்தாலே கெட்டுடும். அதுவும் நம்ம ஊரு சூட்டுக்கும் ஈரத்துக்கும் கேக்கவே வேணாம். ஸ்டோர்ல நான் எல்லாத்துக்கும் தேதி எழுதி வப்பேன். முன்னால வந்தது முன்னால வெளிய போகணும். எவனாச்சும் நல்ல சாமான ஒளிச்சு வச்சுக் கெடுத்தா, சத்தம் போடுவேன்." மடியிலிருந்த இயந்திரத்தைத் தட்டினார். "வீட்டுல நானே அதத்தான் செஞ்சிருக்கேன், பாருங்க."

ஆன்ட்டி சொம்பைக் கீழே வைத்தார். இத்தனை நாளும் கல்யாணத் தேதிப் பேச்சில் தலையிடாமல் இருந்தவர், மிகச் சாதாரணமாகச் சொன்னார்: "வீடு முடிஞ்சா இவ போயிடுவா. அதான் உங்களுக்கு வீடு முடியவே மாட்டேங்குது."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் அவரைப் பிடிவாதக்காரர், இழுத்தடிக்கிறவர் என்று மனத்துக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். ஒரே மகள். அவள் சிரிப்புச் சத்தம் இல்லாத அந்தக் கூடத்தை அவர் நினைத்துப் பார்த்திருக்கிறார், நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. ஈரச் சட்டையோடு உட்கார்ந்திருந்த எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது, அவர் மேல் பாசமாகவும் இருந்தது.

அவர் விரலைத் துணியில் துடைத்தார். பிசின் போகவில்லை. "வச்சு வச்சுப் பார்த்தா இப்படித்தான் ஆகும்" என்றார் மெதுவாக.

"அப்பா, நான் என்ன ரப்பர் சாமானா?" என்றாள் தாரணி. சிரித்துக்கொண்டுதான் கேட்டாள், ஆனால் அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"உன்னச் சொல்லலம்மா. என்னச் சொல்றேன். நாளைக்கு எனக்கு ஓடியாடி வேல செய்ய முடியணும்ல, உன் கல்யாணத்துல?" பிறகு என்னைப் பார்த்தார். "தம்பி, உங்க அம்மாகிட்ட சொல்லுங்க. கல்யாணத்த வைகாசியில வச்சுக்கலாம்."

"கதவு அங்கிள்?" என்றேன். (இப்படி ஒரு கேள்வியை அந்த நேரத்தில் கேட்கும் அளவுக்கு நான் முட்டாள் என்பதையும் பதிவு செய்கிறேன்.)

"கதவு கெடக்கட்டும் லா" என்றார். ஆன்ட்டி உள்ளே போய், விலைச் சீட்டோடு இருந்த கண்ணாடிக் கோப்பைகளை எடுத்துக் கழுவி, அவற்றில்தான் எங்களுக்கு வேறு தேநீர் கொடுத்தார்.

பரிசத்துக்கு வந்த எங்கள் உறவினர் அத்தனை பேரும் கதவின் பள்ளத்தைப் பார்த்தார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் அங்கிள் கதையை முதலிலிருந்து சொன்னார், ஆன்ட்டியின் அலறல் சகிதம். அவர் சொல்லச் சொல்லக் கதை வளர்ந்தது. கல்யாணத்தன்று, தாலி கட்டி முடிந்து, பெண்ணின் நெற்றியில் வைக்கச் சொல்லி ஐயர் என்னிடம் குங்குமத்தை நீட்டினார். மண்டபத்தில் முன்வரிசை முழுவதும் சிரித்தது. யாரோ, "தண்ணி ரெடியா இருக்கு, தைரியமா வைங்க!" என்று கத்தினார்கள். அங்கிள் என் பின்னால் வந்து நின்று, விழாமல் இருக்க என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"நான் நல்லாத்தான் இருக்கேன் மாமா" என்றேன். அவரை மாமா என்று அழைத்தது அதுதான் முதல் தடவை. அவர் சரி என்று தலையசைத்தார், ஆனால் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷமானாலும் குங்குமத் தட்டு என் பக்கம் வந்தால், மாமா ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து என் பின்னால் போடுவார். "உக்காருங்க மாப்பிள்ள, எதுக்கும் இருக்கட்டும்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். ஆரம்பத்தில் எனக்குக் கோபம் வரும். பிறகு பழகிவிட்டது. என் மகளுக்கு இந்தக் கதை முழுவதும் மனப்பாடம். தமிழ்ப்பள்ளியில் ஆசிரியரிடமும் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

போன ஆயுத பூஜையன்று எங்கள் வீட்டில் தாரணி குங்குமத் தட்டோடு வந்தாள். மாமா வழக்கம்போல எழுந்து நாற்காலியைத் தூக்கினார். கூடத்தைக் கடந்து வருவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. இப்போதெல்லாம் முழங்கால் வலியும் உண்டு. "உக்காருங்க மாப்பிள்ள" என்றார்.

"நீங்க உக்காருங்க மாமா" என்றேன்.

எப்போதும் மறுத்துப் பேசுகிறவர், ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு, மெதுவாக உட்கார்ந்தார். நான் பின்னால் நின்று அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். "தாத்தா, உங்களுக்கும் குங்குமம்னா பயமா?" என்று கேட்டாள் மகள்.

"ஆமாம்மா, உங்கப்பாகிட்ட இருந்து ஒட்டிக்கிச்சு" என்றார் மாமா.